பத்து நிமிடத்தில் என்ன வீரம்?

ஜூலை 4 வந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நடக்கும் போட்டிதான் காரணம்: பன்னுக்குள் சாசேஜ் வைத்த ஹாட் டாக்கைப் பத்து நிமிடத்தில் யார் அதிகம் தின்பது என்று. கைப்பேசியைத் திறந்தால் அதே முகங்கள், அதே மார்தட்டல்.

ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். சாசேஜைப் பாதியாக ஒடித்து வாயில் திணிக்கிறார்கள். பன்னைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, சரியாக மெல்லக்கூட நேரமில்லாமல் உள்ளே தள்ளுகிறார்கள். தாடையில் கூழ் வழிகிறது. கண் பிதுங்குகிறது. கூட்டம் கைதட்டுகிறது! இதைப் பார்த்து யாருக்காவது பசிக்குமா? கீழே சிந்திய ஒரு பருக்கையைக்கூடப் பொறுக்கச் சொன்ன பாட்டியிடம் வளர்ந்தவளுக்கு வயிறு எரியாதா?

சரி, தின்றோம் முடித்தோம் என்றாவது இருக்கிறார்களா? 2001-ல் ஜப்பான்காரர் கோபயாஷி 50 ஹாட் டாக் தின்றார். 2007-ல் அமெரிக்கர் ஜோயி செஸ்ட்நட் 66 தின்று அவரை வீழ்த்தினார். யார் பெரியவன் என்ற சண்டை அதோடு ஓய்ந்ததா? 2010-ல் ஒப்பந்தத் தகராறில் போட்டியிடாமல் இருந்த கோபயாஷி, மேடை ஏறப் போய்க் கைதானார். 2021-ல் செஸ்ட்நட் 76. அதுவும் போதவில்லை. 2024-ல் இருவரையும் மறுபடி மோதவிட்டு நெட்ஃபிளிக்ஸில் நேரலை. 83-க்கு 66! பத்தே நிமிடத்தில் இரண்டு பேர் 149. ஒரு தெருவே வயிறாரச் சாப்பிட்டிருக்குமே!

கோனி ஐலண்டில் ஜெயித்தவருக்கு ஒரு பெல்ட் வேறு. வாய் துடைக்காமல் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.