காவேரி வந்துட்டா

எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். விடியற்காலை ஐந்து, ஐந்தேகால் இருக்கும். முதலில் குழாயில் காற்று சீறும். அப்புறம் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் வாசலுக்கு அடியில் இருக்கும் சம்பில் தண்ணீர் விழத் தொடங்கும். காலி சம்பில் விழும்போது ஒரு சத்தம், கால்வாசி நிரம்பியதும் வேறு சத்தம். அம்மா படுத்தபடியே சொல்லிவிடுவாள்: "காவேரி வந்துட்டா."

தண்ணி வந்துடுச்சு என்று ஒருநாளும் சொன்னதில்லை. வந்துட்டா. முசிறிக்காரி அவள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காவிரி அஃறிணை இல்லை.

நாங்கள் பெங்களூரில் மகாதேவபுரா பக்கம் குடியிருக்கிறோம். 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் எங்கள் பகுதியும் உண்டு. ஊர் சேர்ந்து பதினேழு வருஷம் கழித்து, 2024 அக்டோபரில்தான் இந்தக் கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. எங்கள் கட்டடத்துக்கு இணைப்பு கிடைத்தது 2025 தொடக்கத்தில். அதுவரை போர் தண்ணீர். போர் கைவிட்டால் டேங்கர்.

நான் எழுத உட்கார்ந்தது நன்றியைப் பற்றி. தண்ணீரைச் சொல்லாமல் எனக்கு அதைச் சொல்ல வராது.

போன வருஷம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்தார்கள். தினமும் காலையில், நன்றி சொல்லத் தோன்றுகிற மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லஃபும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் விளக்கினார்கள். மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, வாரா வாரம் ஒரு பிரிவைத் தங்களுக்குக் கிடைத்த நல்லவற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பிரிவு எரிச்சல்பட்டவற்றை எழுதியது. மூன்றாவது, அந்த வாரம் நடந்ததை அப்படியே எழுதியது. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நல்லதை எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையின்மேல் கூடுதல் நிறைவு இருந்ததாம்.

அதை நான் நம்புகிறேன். ஆனாலும் என் நோட்டு பத்து நாளைக்கு மேல் ஓடவில்லை. குடும்பம், உடம்பு, வேலை என்று எழுதினேன். மறுநாளும் அதே மூன்றுதான் வந்தது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் எழுதும்போது மனதில் ஒன்றும் அசையவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். நம்மிடம் இருப்பது எந்த வழியாக வந்தது, யார் யார் கைபட்டு வந்தது என்று தெரியாதவரை நன்றி என்பது வெறும் சொல்லாகத்தான் நிற்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. பொத்தாம் பொதுவாக எல்லாவற்றுக்கும் நன்றி என்று சொன்னால், அது யாரையும் போய்ச் சேர்வதில்லை.

2024 மார்ச் மாதத்தை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்தைய வருஷம் மழை பொய்த்திருந்தது. மாநகரில் அரசு போட்ட 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதல்வர் டி.கே.சிவகுமார் சொன்னார். தன் வீட்டு போரிலும் தண்ணீர் இல்லை என்றார். குடிதண்ணீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் கட்டடத்து போர் பிப்ரவரி கடைசியிலேயே நின்றுவிட்டது. மோட்டார் போட்டால் ஐந்து நிமிஷம் செம்மண் கலங்கலாக வரும், அப்புறம் வெறும் காற்று.

நாலு வீட்டுக்கு ஒரு சம்ப். ஒரு வீட்டுக்கு இன்றைக்கு எத்தனை பக்கெட் என்று மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். அரிசி களைந்த தண்ணீர் துளசிக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் கழிவறைக்கு. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. தலைமுடி நீளம். தலைக்குக் குளித்தால் இரண்டு பக்கெட் கூடுதலாகச் செலவாகிறது என்று அவளாகவே கணக்குப் போட்டு, "வெட்டிடலாமா அம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

12,000 லிட்டர் டேங்கருக்கு, 5 கிலோமீட்டருக்குள் என்றால் 1,000 ரூபாய் என்று அரசு விலை வைத்தது. எங்களுக்கு ஒருமுறைகூட அந்த விலைக்குக் கிடைக்கவில்லை. 2,000 கொடுத்து வாங்கினோம், அதுவும் கெஞ்சித்தான். குழாயில் காவிரி வந்த தெருக்களில் அப்போது முதல் 8,000 லிட்டருக்கு ஆயிரத்துக்கு 7 ரூபாய் வீதம்தான் கட்டணம். 2014-இல் வைத்தது, 2025 ஏப்ரலில்தான் உயர்த்தினார்கள். அதாவது 8,000 லிட்டருக்கு 56 ரூபாய். குழாய் வைத்திருந்த என் தோழிக்கே இது தெரியவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் குழாயில் வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஒரு ராத்திரி, முன்பணம் வாங்கிக்கொண்ட லாரி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மணி பத்தரை. குடிக்கிற கேனில் அடியில் ஒரு டம்ளர் இருந்தது, அதை அம்மாவின் மாத்திரைக்கு வைத்திருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கீழ்வீட்டு ஓனர் அம்மா, இடுப்பில் ஒரு குடம். பின்னால் அவர் மகன், கையில் இன்னொரு குடம். ஓனர் அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி. சாதாரண நாளில் மாடிப்படி ஏற மாட்டார். அவருடைய அக்கா வீட்டிலிருந்து மகன் வண்டியில் கொண்டுவந்தது மொத்தமே நாலு குடம்தான் என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. "தகொள்ளி", எடுத்துக்கோங்க என்று கன்னடத்தில் சொல்லிச் சமையலறை வாசலில் இறக்கி வைத்தார். நான் வாய் திறப்பதற்குள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போய்விட்டார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவிரி என்ற சொல்லைத் தமிழில் உரக்கச் சொல்லத் தயங்கிய நாட்கள் இந்த ஊரில் உண்டு. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது எங்கள் கார் தெருவில்தான் நின்றது. டிஎன் 45, திருச்சிப் பதிவு. ஓனர் அம்மா தன் காரை வெளியே எடுக்கச் சொல்லி, எங்கள் காரை ஷெட்டுக்குள் விடவைத்தார். கேட்டைச் சாத்தி, கேட்டுக்கு முன்னால் தன் காரை நிறுத்தினார். மூன்று நாள் அது அப்படியே நின்றது. அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் சரியாக நன்றி சொன்னதில்லை. இதைக் கன்னடத்தில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள்தான் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள்.

இணைப்பு கிடைத்த பிறகு ஒரு விடியற்காலை வாசலுக்குப் போனேன். தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் சாலையில் பதித்திருந்த இரும்பு மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். தலையில் மஃப்ளர். வண்டியில் கட்டியிருந்த நீளக் கம்பியை அவிழ்த்துக் குழிக்குள் இறக்கினார். அதன் மேல்நுனியில் குறுக்கே ஒரு கைப்பிடி. இரண்டு கையாலும் பிடித்து, வால்வைச் சுற்றிச் சுற்றித் திறந்தார். பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, கம்பியின்மேல் காதை வைத்துக் கேட்டார். தண்ணீர் ஓடுகிறதா என்று கம்பி சொல்லிவிடுமாம். அடுத்த நிமிஷம் எங்கள் சம்பில் சத்தம் கேட்டது. என் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு முகம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அரைகுறைக் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தேன். அவர் பாதி தமிழிலேயே பதில் சொன்னார். ஊர் எங்கே என்று கேட்டேன். மண்டியா மாவட்டம் மளவள்ளி பக்கம் என்றார். "எங்க ஊர்ல இருந்துதான் இந்தத் தண்ணி கிளம்புது மேடம். அங்க இருந்து நானும் வந்தேன், அதுவும் வந்துச்சு."

நிஜம்தான். மளவள்ளி தாலுகாவில் இருக்கிறது தொரேகாடனஹள்ளி. எல்லோரும் டி.கே.ஹள்ளி என்பார்கள். காவிரியிலிருந்து எடுக்கும் தண்ணீரைச் சுத்திகரிப்பது அங்கேதான். பெங்களூர் மேட்டில் இருக்கிற ஊர், கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. அதனால் டி.கே.ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். "ஆறு மலைக்கோட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அதுக்கு மேல ஏத்துறாங்கம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குழாயடிக்குப் போய், சொட்டிக்கொண்டிருந்ததை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

பெங்களூருக்கான காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் 1974-இல் வந்தது. அதற்கு முன்னால் 1896-இலிருந்து ஹெசரகட்டா ஏரி, பிறகு 1933-இலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் என்று இந்த ஊர் அர்க்காவதி ஆற்றை நம்பி இருந்தது. 1905-இல் இங்கே தெருவிளக்கு எரிந்ததுகூடக் காவிரியால்தான். காவிரி அருவியாக விழுகிற சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் அது. அதற்கும் மூன்று வருஷம் முன்னால், 1902-இல், அதே மின்சாரம் நம் தமிழர்கள் வேலை பார்த்த கோலார் தங்கவயலுக்குப் போயிருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு, இதையெல்லாம் இப்போதுதான் தேடித் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு குழாயைத் திறக்கிற என் கையே மாறிவிட்டது.

2025 ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே மேட்டூர் 120 அடி நிரம்பியிருந்தது. முசிறியில் கரை நிறைய ஜனமாக இருக்கும் என்று அம்மா முதல்நாளே சொல்லிக்கொண்டிருந்தாள். அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? இங்கதான் வர்றாளே" என்றாள். அல்சூர் கடைத்தெருவில் காதோலையும் கருகமணியும் வாங்கி வரச் சொன்னாள். விடிந்ததும் சம்பின் மூடியைக் கழுவிக் கோலம் போட்டாள். குழாயின் கழுத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிற்றைச் சுற்றினாள். எவர்சில்வர் தட்டில் காப்பரிசி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். மேட்டூருக்குப் போகிறதுக்கு முன்னாலேயே கொஞ்சம் இங்கே ஏறி வந்துவிடுகிறது, மிச்சம்தான் ஒகேனக்கல் வழியாக நம் ஊருக்குப் போகிறது என்று அம்மா அவளுக்கு விளக்கினாள். நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஓனர் அம்மாவும் வந்து ஒரு பூ வைத்தார். வால்வு திறக்கிறவருக்கு ஒரு டம்ளர் காபியும் தேங்காய்ச் சாதமும் போயிற்று.

அலுவலக நோட்டில் நான் எழுதத் தவறியது இதுதான். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று எழுதுகிறேன், ஆனால் அது வந்த வழியோடு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் விட்ட கல்லூரிப் பெண், அவள் தோளில் தொங்கிய கனமான பை. அம்மாவின் மாத்திரை தீர்ந்துபோகும் நாளைத் தானே நினைவு வைத்து போன் செய்யும் மருந்துக்கடைத் தம்பி. இப்படி எழுதினால் பக்கம் நிரம்புகிறது, மனமும் கூடவே அசைகிறது.

இருப்பதை நினைத்துத் திருப்தியாக இரு, குறை சொல்லாதே என்று நன்றியைக் கொண்டு வாயடைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. எனக்கு நடந்தது நேர் எதிர். முன்பெல்லாம் சாலையில் குழாய் உடைந்து ஓடினால் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போவேன். ஆறு மலைக்கோட்டை ஏறி வந்தது இது என்று தெரிந்த பிறகு அப்படிப் போக முடியவில்லை. நின்று குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு போன் செய்தேன். மறுநாள் வந்து அடைத்தார்கள்.

தெருக்கோடியில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். வேலை செய்கிறவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். எட்டுக் குடும்பம் இருக்கும், சிலர் திருவண்ணாமலைப் பக்கத்து ஜனம். அவர்களுக்குக் கட்டட வேலைக்கான போர் தண்ணீர்தான், வாயில் வைக்க முடியாத உப்பு. அவர்கள் கட்டுகிற வீடுகளில் நாளைக்குக் காவிரி ஓடும். அவர்களுக்கு ஒரு குழாய் இல்லை. இதை ஒப்பந்தக்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன், இன்னும் கேட்பேன். அதுவரைக்கும் தண்ணீர் வரும் நாளில் வாசல் குழாயில் ஹோஸ் பைப்பை மாட்டித் தெருப்பக்கம் போட்டுவிடலாம் என்று ஓனர் அம்மாதான் சொன்னார். கொட்டகையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு முதலில் வருவாள். அம்மாதான் அவளுக்குக் குடம் பிடித்துக் கொடுக்கிறாள். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுகிற சத்தமும் இப்போது சம்பு நிரம்புகிற சத்தத்தோடு சேர்ந்துதான் எனக்குக் கேட்கிறது.

நாளை தண்ணீர் வரும் நாள். அம்மா ஹோஸ் பைப்பைச் சுருட்டி கேட் ஓரம் வைத்துவிட்டாள். வால்வுக்காரருக்குக் காபி கொண்டுபோகிற டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்று இப்போதே படுத்துவிட்டாள்.