காரம் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

என் நாக்கு எவ்வளவு காரம் தாங்கும் என்பதை என் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய இந்த உணவகக்காரர்கள் யார்? பாலியிலிருந்து ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கோபம் அடங்கவில்லை.

பாலித் தீவின் தலைநகர் டென்பசார் பக்கம் ஒரு குடும்ப உணவகம். பாட்டி தொடங்கியது, இப்போது பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள். அயாம் பெத்துத்து என்ற காரக் கோழிக்குப் பெயர்போன இடம். வாசலில் 'கிலிமானுக் பாணி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. கிலிமானுக் அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், தீவின் மேற்கு முனையில் இருக்கும் படகுத்துறை. ஜாவாவின் கெத்தாப்பாங் துறைக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு படகுகள் போய் வருகிற இடம். அந்த ஊரில் மென் தெம்பே என்ற பெண்மணி நடத்திய கடைதான் இந்தப் பாணியை ஊரறியச் செய்தது. பாலியின் மற்ற பெத்துத்துகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதே காரம்தான். அந்தப் பெயரைப் பலகையில் எழுதியவர்களுக்கு அந்தக் காரத்தைத் தட்டில் வைக்கும் கடமை இல்லையா?

எங்களுக்கு வந்தது மஞ்சள் சாற்றில் கிடந்த வெறும் வேகவைத்த கோழி. பக்கத்து மேசையில் ஓர் உள்ளூர்க் குடும்பம். அவர்கள் தட்டில் மிளகாய் விதை தெரியத் தெரியச் சிவந்த மசாலா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பரிமாறிய பையனைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். "வெளிநாட்டு விருந்தினர்களுக்குக் குறைத்துத்தான் தருவோம், பாக் (ஐயா)" என்றான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. மிளகாயோடு வளர்ந்த மனிதனுக்கு நோயாளிச் சாப்பாடு! விலையில் மட்டும் ஒரு ரூபியாகூடக் குறையவில்லை, வரியும் முழுதாக.

சமாதானத்துக்கு ஒரு சிறு கிண்ணத்தில் சம்பால் மாத்தா கொண்டுவந்து வைத்தான். சின்ன வெங்காயம், எலுமிச்சைப் புல், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பச்சையாக நறுக்கித் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்தது. அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் பெத்துத்துவின் காரம் மேலே அள்ளி வைக்கிற காரம் இல்லை. இஞ்சி, மஞ்சள், பேரரத்தை, கச்சோலம், பூண்டு, வெங்காயம், கெமிரிக் கொட்டை, இறால் விழுது, கூடவே காந்தாரி மிளகாய்க்கு உறவான சாபே ராவிட் என்று எல்லாம் சேர்த்து இடித்த மசாலாவை முழுக் கோழியின் மேலே பூசி, வயிற்றுக்குள்ளும் திணிப்பார்கள். பழைய முறையில் அதை வாழை இலையில் சுற்றி, பாக்கு மட்டையில் பொதிந்து, உமி நெருப்பில் பல மணி நேரம் விட்டுவிடுவார்கள். கிலிமானுக் பாணியில் மசாலாச் சாற்றோடு வேகும். எப்படிச் செய்தாலும் காரம் எலும்பு வரை இறங்க வேண்டும். உப்பில்லாமல் ஊறிய ஊறுகாயின் மேல் சாப்பிடும்போது உப்பைத் தூவுகிற மாதிரியான வேலை இந்தக் கிண்ணம்.

இதைப் பழக்கிவிட்டவர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. காரக் கோழிக் கடைக்குத் தேடிப் போய் உட்கார்ந்து, தின்றுவிட்டு, 'மிகவும் காரம்' என்று ஒற்றை நட்சத்திரம் போடும் பயணிகளைச் சொல்கிறேன். அங்கே காரமில்லாத சாப்பாட்டுக்கா பஞ்சம்? அதற்குப் பயந்து ஒரு குடும்பம் பாட்டியின் கைப்பக்குவத்தை வெளிநாட்டவருக்கு ஒன்று, உள்ளூர்க்காரருக்கு ஒன்று என்று இரண்டு பானைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பயம் இருக்கட்டும். "பெடாஸ்?" (காரமாகவா?) என்று வாயைத் திறந்து கேட்க ஒரு நொடி ஆகுமா? வேண்டாம் என்பவருக்குக் குறைத்துக் கொடுங்கள், யார் தடுத்தார்கள்?

பணப் பெட்டியருகே இருந்த பேரனிடம் இதையே சொன்னேன். தலையாட்டிக்கொண்டே மீதிச் சில்லறையை நீட்டினார். எங்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கும் அதே மஞ்சள் சாறு போய்க்கொண்டிருந்தது, அவர்களையும் கேட்காமலே.

அந்தப் பக்கம் போகிறவர்கள், பக்கத்து மேசைக்குப் போகிற அதே கோழிதான் வேண்டும் என்று முதலிலேயே அடித்துச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.