வாந்தி வரவில்லை என்று அழுதவளுக்குச் சொன்னது

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு, எனக்குத் தங்கை முறை வரும் ஒருத்தி போன் செய்தாள். நாள் தள்ளி ஐந்து நாளாகிறது, டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு வந்துவிட்டது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தி. அவளோ அழுதுகொண்டே சொன்னாள். "அக்கா, எனக்கு வாந்தியே வரல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தலைவலின்னு பாராசிட்டமால் வேற போட்டுட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா?"

அவளுக்கு நான் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதே பயத்தோடு எத்தனை பேர் தூங்காமல் கிடக்கிறார்களோ!

முதலில் கணக்கு. கர்ப்பத்தின் 40 வாரத்தைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆனால் 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவதே ஏறக்குறைய 14ஆம் நாளில்தான். அதாவது "முதல் மாதம்" என்கிறோமே, அதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. நாள் தள்ளும்போது கணக்குப்படி நான்கு வாரம், கருவின் உண்மையான வயது இரண்டே வாரம். இதைத் தெளிவாகச் சொல்லாததால் வீடுகளில் எவ்வளவு குழப்பம் தெரியுமா? "டாக்டர் அஞ்சு வாரம்னு சொல்றாங்களே, எப்படி?" என்று கணவன் கேட்க, பதில் தெரியாமல் கூனிக்குறுகிப் போன பெண்ணை எனக்குத் தெரியும். கர்ப்பத்தின் வாரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் எல்லோரும் அரை நிமிடம் ஒதுக்கி இதை விளக்கிவிடலாம்.

கருமுட்டை உயிரோடு இருப்பது அதிகபட்சம் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். கருக்குழாயில் இரண்டும் சேர்ந்தபின், அந்த ஒற்றைச் செல் பிரிந்து பிரிந்து பெருகியபடியே கருப்பையை நோக்கி நகர்கிறது. அங்கே ஒட்டிக்கொள்ள ஆறிலிருந்து பத்து நாள் வரை ஆகும். ஒட்டிய பிறகுதான் ஹெச்சிஜி ஹார்மோன் தாயின் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறுகிறது. டெஸ்ட் கிட் தேடுவது இதைத்தான். அதனால் நாள் தள்ளுவதற்கு முன்பே சோதித்துவிட்டு ஒற்றைக் கோட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இரண்டு மூன்று நாள் விட்டு, காலையில் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள்.

அப்புறம் இந்த வாந்தி. பெரும்பாலானவர்களுக்குக் குமட்டல் தொடங்குவது ஆறாவது வாரம் வாக்கில்தான். சிலருக்குக் கடைசிவரை வருவதே இல்லை. முதல் மாதத்தில் இருக்கக்கூடியவை மார்பக வலி, அசதி, வயிற்று உப்புசம், லேசான இழுவலி. மாதவிடாய்க்கு முன்னும் இதெல்லாம் வரும். காரணம் இரண்டிலும் ஒன்றேதான், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஆகவே அறிகுறியை வைத்து யாருடைய கர்ப்பத்தையும் எடைபோடாதீர்கள். "எனக்கெல்லாம் அப்பவே தெரிஞ்சிடுச்சு" என்று அவளிடம் சொல்லாமலிருப்பதே பெரிய உதவி.

ஸ்கேனுக்கும் அவசரப்பட வேண்டாம். நான் ஐந்தாவது வாரம் முடிவதற்குள் ஓடிப்போய் எடுத்தேன். "ஒண்ணும் தெரியல, பத்து நாள் கழிச்சு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஸ்கேனில் இதயத்துடிப்பு தென்படவே ஆறு வாரம் ஆக வேண்டும் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். நாள் தள்ளும் சமயத்தில் கரு ஒரு கசகசா அளவுதான். அதில் எதைக் காட்டுவது?

நான் மிக முக்கியமாக நினைப்பது ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளி இரண்டு வாரத்தில் அந்த வேலை முடிந்துவிடும். பல பெண்கள் அப்போதுதான் டாக்டரிடம் போகவே யோசிக்கிறார்கள். ஏற்கெனவே இந்தக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மாரிடம் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போட ஆரம்பியுங்கள், 12 வாரம் வரை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம், அதை டாக்டர் சொல்ல வேண்டும். இதுவரை போடவில்லையா? சரி, இன்றே தொடங்குங்கள்.

தெரியாமல் போட்ட மாத்திரைக்காகத் தன்னையே தண்டித்துக்கொள்ள வேண்டாம். தலைவலிக்கு அளவோடு எடுத்த பாராசிட்டமாலுக்கு இவ்வளவு அழுகை தேவையில்லை. ஆனால் பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கான வால்புரோயேட், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரின் போன்றவை அப்படியல்ல. இரண்டு கோடு தெரிந்த அன்றே டாக்டரிடம் பேசுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மதுவும் சிகரெட்டும் அன்றோடு நிற்கட்டும்.

பொட்டுப்பொட்டாக ரத்தம் படுவது பலருக்கு நடக்கும், எல்லாம் கெட்டுப்போயிற்று என்று அர்த்தமில்லை, ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கரு கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. ஆரம்பத்தில் கலைபவற்றில் பாதியளவுக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அவள் மாடிப்படி ஏறியதோ வேலைக்குப் போனதோ அல்ல. "நீ என்ன பண்ணினே?" என்று அவளிடம் கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை. மூன்று மாதம் யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள். அவளுக்கு விருப்பமானால் அப்படியே இருக்கட்டும். ஆனால் நல்லதோ கெட்டதோ, ராத்திரி பதினொரு மணிக்கும் போன் செய்ய ஒருவராவது அவளுக்கு வேண்டும்.

நேற்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. டாக்டரைப் பார்த்தாளாம், மாத்திரை ஆரம்பித்துவிட்டாளாம். வாந்தி இன்னும் வரவில்லை, ஆனால் மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டாளாம்.