குறைந்தபட்ச ஊதியம் புதிதாக வருவதல்ல

அண்ணா, குறைந்தபட்ச ஊதியம் இனிமேல்தான் வரப்போகிறது, வந்தால் டெல்லியில் சின்னக் கடைகள் தாங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்குமா என்பது தனி விவாதம். ஆனால் அது புதிதில்லை, 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. டெல்லி அரசு ஏப்ரலிலும் அக்டோபரிலும் விலைவாசியைப் பார்த்து, இந்த ஊதியத்தில் சேரும் பஞ்சப்படியை (விலைவாசி உயர்வுக்கான தொகையை) திருத்துகிறது. 2025 ஏப்ரல் கணக்கில், தனித்திறன் தேவைப்படாத வேலைக்கு மாதம் 18,456 ரூபாய். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்துப் பாருங்கள், நாள்கூலி 710 வரும். டெல்லி தொழிலாளர் துறையின் இணையதளத்தில் உத்தரவையே திறந்து படிக்கலாம்.

டெல்லி முனிர்க்காவில் எங்கள் தெருக் கடையில் மூட்டை தூக்கும் தம்பிக்குப் போன வாரம் போனில் அதைக் காட்டினேன். அவர் கைக்கு வருவது 12,000. "இது இப்பவே இருக்காண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.