பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, அடுத்து என்ன?

"பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு, அடுத்து என்ன படிக்கலாம்?" எந்த வாசிப்புக் குழுவில் இதைக் கேட்டாலும் இரண்டே வகைப் பதில்தான் வந்து விழுகிறது. ஒரு கோஷ்டி 'சிவகாமியின் சபதம்', 'கடல் புறா', 'யவன ராணி' என்று அடுக்கும். இன்னொரு கோஷ்டி "அதெல்லாம் இலக்கியமா? ஜெயமோகனின் விஷ்ணுபுரம் படிங்க" என்று அதட்டும். முதல் கோஷ்டியின் பேச்சைக் கேட்டால் அதே அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வரலாம். இரண்டாவது கோஷ்டியின் பேச்சைக் கேட்டால் ஐம்பதாவது பக்கத்தில் "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று மூடி வைத்துவிடலாம்.

கேட்டவருக்கு ரசனைக் குறைவெல்லாம் இல்லை, கல்கி பழக்கிவிட்டது அப்படி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை 'பொன்னியின் செல்வன்'. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு கொக்கி தொங்கும்: கதவு தட்டப்படும், யாரோ மயங்கி விழுவார்கள், இருட்டில் ஒரு குரல் கேட்கும். ஐந்து பாகம் அந்தக் கொக்கியைப் பிடித்துத் தொங்கிவிட்டு, கொக்கியே இல்லாத நாவலைக் கையில் எடுத்தால் முப்பது பக்கத்தில் தூக்கம் வரத்தான் செய்யும். ஆகவே கொக்கியை ஒரேயடியாக விட வேண்டாம், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் சுஜாதா. 'கரையெல்லாம் செண்பகப்பூ' அல்லது 'கொலையுதிர் காலம்'. இவையும் தொடராக வந்தவைதான், கொக்கி பலமாக இருக்கும். ஆனால் வாக்கியம் கல்கியுடையதில் பாதிதான். ஒரு அறையை அவர் மூன்று வரியில் கட்டி முடித்துவிடுவார். வர்ணனை நீளமாக இருந்தால்தான் காட்சி தெரியும் என்ற பழக்கம் இங்கே உடையும். இரண்டில் ஒன்று போதும். அதற்கு மேல் போனால் சுஜாதாவிலேயே இரண்டு வருஷம் தங்கிவிடும் ஆபத்து உண்டு, பலர் தங்கியிருக்கிறார்கள்.

அடுத்தது பூமணியின் 'வெக்கை' (1982). ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி ஆயிரக்கணக்கான பக்கம் இழுத்தார் அல்லவா? இதில் கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, கொன்றவன் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். அதன் பிறகு நாவல் முழுக்க அப்பாவும் மகனும் எங்கே படுப்பது, எதைத் தின்பது, எந்த ஓடை வழியே போவது என்பதுதான். பதற்றம் கொஞ்சமும் குறையாது. இதைத் தழுவி எடுத்த 'அசுரன்' பார்த்துவிட்டு எடுப்பவர்கள் படத்தின் சண்டை வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். இதில் ஆயுதத்தை விட சோற்றுச் சட்டிக்குத்தான் அதிக இடம். கரிசல் பேச்சு, அதாவது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் வட்டார வழக்கு, முதல் இருபது பக்கம் தடுக்கும். அந்தப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும்.

காது பழகிய சூட்டோடு கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). அரண்மனைச் சரித்திரத்துக்கு நேர் எதிர்ச் சரித்திரம் இது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் காட்டை அழித்து ஊர் கட்டிய கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி (பாட்டிக்கும் மூத்த தலைமுறை) சொல்கிறாள். ராஜா யாரும் நேரில் வருவதில்லை. கும்பினி ஆட்சி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி, தூரத்துச் செய்தியாக வந்து, கடைசியில் விக்டோரியா மகாராணியின் காலத்தில் முடிகிறது. இதில் தொடர்ந்து ஓடும் ஒரே கதை கிடையாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறும், திண்ணைப் பேச்சு மாறும். "கதை எப்போது தொடங்கும்?" என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். ஊர்தான் கதாநாயகன் என்று வைத்துக்கொண்டு படித்தால் சிக்கல் இல்லை.

இனி நான் வம்படியாகச் சிபாரிசு செய்யும் நூலுக்கு வருகிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). கல்கியின் இரண்டாம் பாகத்தில் வரும் கடற்புயலும் பூங்குழலியின் படகும் பிடித்திருந்தால் உங்களுக்கான புத்தகம் இது. இரண்டாம் உலகப் போர்க் காலம், சுமத்ராவின் மெடான் நகரம், ஜப்பான் படை நுழைகிறது, வட்டிக்கடைகளில் வேலை பார்த்த தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போகிறார்கள். சிங்காரம் இந்தோனேசியாவில் வாழ்ந்தவர் என்பதால் தெருப்பெயர்கூடப் பொய் சொல்லாது.

இதைப் பாதியில் வைத்தவர்கள்தான் அதிகம். காரணம் மூன்று. முதல் சில அத்தியாயங்களில் டச்சுத் தெருப்பெயர், மலாய்ச் சொல், செட்டியார் கடைச் சொல் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசை கடையின் பதவி அடுக்கு. கிட்டங்கி என்றால் கடை நடக்கும் கட்டடம். தொங்கான் என்றால் சரக்குத் தோணி. இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதைத் தாண்டிப் போகலாம். இரண்டாவது, உரையாடலில் பேசுவது யார் என்று பல இடங்களில் சொல்லமாட்டார். குடித்துக்கொண்டே நாலு பேர் பேசும்போது யார் என்ன சொன்னார் என்று கணக்கு வைக்காதீர்கள், மேஜையின் இரைச்சலைக் கேட்டால் போதும். மூன்றாவது, மெடானில் நடந்துகொண்டிருக்கும் கதாநாயகன் பாண்டியனின் மனசு திடீரென்று மதுரைத் தெருவுக்குத் தாவும். பத்தி கூட மாறாது. மெதுவாக, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு படியுங்கள். தொங்கான் புயலில் மாட்டும் அத்தியாயம் வந்ததும் வேகம் தானாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே வாக்கியமே அலை மாதிரி எழுந்து விழும். பழந்தமிழ்ப் பெருமைகளைப் பாண்டியனின் நண்பன் மாணிக்கம் கிண்டலடிக்கும் பக்கங்களைப் படித்துக் கோபம் வந்தால் நல்லது, வரத்தான் வேண்டும்.

"எனக்குக் கதை வேண்டாம், உண்மையில் சோழர் காலத்தில் என்ன நடந்தது?" என்பவர்களுக்கு சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. மூன்று பகுதிகள். முதல் பகுதி மட்டும் இப்போது போதும், கி.பி. 846 முதல் 1070 வரை. அரசருக்கு ஒரு அத்தியாயம் என்று போவதால் சுந்தர சோழர், உத்தம சோழர், முதலாம் இராஜராஜன் ஆகிய மூன்றை மட்டும் முதலில் படிக்கலாம். அடிக்குறிப்பைத் தாண்டாதீர்கள், இந்த நூலின் ருசியே அங்கேதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசன், சோமன் முதலியோரின் பெயர்கள் இருக்கின்றன. இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் அவர்களுடைய சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்பட்ட செய்தி அது. கல்கி எந்தக் கல்லிலிருந்து நாவலைக் கட்டினார் என்பது அப்போது தெரியும். அச்சுப் புத்தகம் கிடைக்காவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள்.

அதே மின்னூலகத்தில் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' கிடைக்கும். இதுவும் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் சிறியவை. தொடக்கத்தில் ஊர், உறவு, பாட்டனார் பெருமை கொஞ்சம் நீளும். சலித்தால் 'என்ன பிரயோசனம்?' என்ற அத்தியாயத்துக்குத் தாவிவிடுங்கள். எல்லாம் படித்துவிட்டதாக நினைத்த இளம் புலவரிடம் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப் (நீதிபதி), அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கிடக்கட்டும், சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டு மடக்கும் இடம். சிந்தாமணி 1887-இல் அச்சேறும் வரை ஏடு தேடும் கதை எந்தத் துப்பறியும் நாவலுக்கும் குறைந்ததில்லை. நூல் பாதியில் நிற்கும், அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். 1942-இல் அவர் இறந்துவிட்டார். மீதியைத் தெரிந்துகொள்ள அவருடைய மாணவர் கி.வா.ஜ.வின் 'என் ஆசிரியப்பிரான்'.

பயணம் பிடித்தவர்களுக்கு சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. காட்டுயிருக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', குட்டிக் குட்டிக் கட்டுரைகள், காகத்தையும் அணிலையும்கூட விடமாட்டார். பஸ்ஸில் படிக்க தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்'. சிரிக்க வேண்டும் என்றால் மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பாத்துமாவின் ஆடு', குளச்சல் மு. யூசுஃப் மொழிபெயர்ப்பில். நான்கையும் எந்த வரிசையிலும் படிக்கலாம்.

மொழிபெயர்ப்பில் இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. தாராசங்கர் பானர்ஜியின் 'ஆரோக்கிய நிகேதனம்', தமிழில் த.நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்தே மரணத்தைச் சொல்லும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய், புதிதாக வந்திருக்கும் ஆங்கில மருத்துவர், இருவருக்கும் நடுவில் நோயாளிகள். வங்கப் பெயர்கள் குழப்பும். பின்பக்க வெற்றுத் தாளில் பெயரையும் உறவையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், பதினைந்து பெயர் எழுதியதும் ஊர் பிடிபட்டுவிடும். பொதுவாக அட்டையிலோ உள்பக்கத்திலோ மொழிபெயர்த்தவர் பெயரே இல்லாத பதிப்பை வாங்காதீர்கள். சுருக்கப்பட்டதா, முழுசா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

கவிதைக்குக் குறுந்தொகை. 401 பாட்டு, பெரும்பாலும் 4 முதல் 8 அடி. முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போனால் பத்தாவதில் நிறுத்திவிடுவீர்கள். 167-இல் தொடங்குங்கள். புதுக்குடித்தனப் பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏறக் குழம்பு வைக்கிறாள். அவன் ருசித்து, நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. பிறகு 40, 25, 3, 18. முதலில் கூற்று யாருடையது, அதாவது பாட்டில் பேசுவது தலைவியா, தோழியா, தலைவனா என்று பாருங்கள், அடுத்து உரையைப் படியுங்கள், கடைசியாக மூலத்துக்கு வாருங்கள். பள்ளிக்கூட முறைக்கு நேர் தலைகீழ்.

புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவுக்கு மொத்தமாக அள்ளுபவர்கள் பில் போடும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். புத்தகம் 16 பக்க ஃபாரங்களாக அச்சாகி, மடித்து, அடுக்கி ஒட்டப்படுகிறது. அடுக்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போனால் 16 பக்கம் மொத்தமாகக் காணாமல் போகும், அல்லது ஒரே ஃபாரம் இரண்டு முறை வரும். 16–17, 32–33, 48–49 என்று ஓரத்தைப் புரட்டி எண் தொடர்கிறதா என்று பார்த்தால் போதும். காட்சி முடிந்து வீட்டுக்கு வந்தபின் 208-க்கு அடுத்து 225 வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

'விஷ்ணுபுரம்', பூமணியின் 'அஞ்ஞாடி' இரண்டையும் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. 'வெக்கை'யும் கி.ரா.வும் படித்து கரிசல் பேச்சு காதில் தங்கிய பிறகு 'அஞ்ஞாடி'யைத் தொடுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, நெஞ்சு வலிக்கும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்துப் படியுங்கள்.