ஒழுகினால் என் கூரை, பேனல் போட்டால் கம்பெனிக் கூரை!

நாலு சோலார் பேனல் போட ஆசைப்பட்டது ஒரு குற்றமா? 2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்களே, அன்றிலிருந்து மனதில் இருந்த ஆசை. தம்பி கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசு இருக்கிறது. பொருத்துகிறவரும் தயார். அனுமதிதான் இல்லை. சபைக்குப் போனால் "காணி உறுதி எங்க?" என்கிறார்கள். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

சரி, தேயிலைத் தோட்டத்திலிருந்து சம்மதக் கடிதம் வாங்கி வா என்றார்கள். கிளாக்கர் ஐயா, "துரையப் பாருங்க" என்றார். துரை, அதுதான் தோட்ட மேனேஜர், "லயம் கம்பெனி சொத்து, மேலிடத்துக்கு எழுதணும்" என்றார். எழுதினாரா என்பது முனியாண்டிக்குத்தான் வெளிச்சம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது, காணி அரசாங்கத்திடமே நின்றது. இத்தனை சொந்தக்காரர்களும் போன மழைக்குத் தகரம் பறந்தபோது எங்கே போயிருந்தார்கள்? புதுத் தகரம் என் காசு. ஆணி என் காசு. காற்றுக்குத் தூக்காமல் மேலே கிடக்கிற பழைய டயரும் கல்லும்கூட நான் ஏற்றி வைத்தவை.

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். மண்சரிவு அறிக்கை கேளுங்கள், எடுத்துத் தருகிறோம். கூரை மரம் பாரம் தாங்குமா என்று ஆள் அனுப்புங்கள், பிளேன்டீயும் ஊற்றித் தருகிறோம். இதுவரை ஒருத்தராவது ஏறிப் பார்த்தாரா? உக்கியிருக்கிறதா என்று மரத்தைத் தட்டியாவது பார்த்தாரா? எல்லாருக்கும் கடதாசிதான் வேண்டும்.

வயிறு எரிவது எதற்கென்றால், எங்கள் பக்கத்துக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீரில் கரண்ட் எடுத்து நாட்டுக்கே அனுப்புகிறார்கள். அதற்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றினால் கோயில் இன்னும் தலைகாட்டும். ஒரு டவுனை மூழ்கடிக்க முடிந்தது, என் தகரத்துக்கு மட்டும் ஆயிரம் நொட்டை! வீட்டுக் கூரைகளில் சோலார் போடுங்கள் என்று 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்று திட்டமே தொடங்கினார்களே, அந்த வீடுகளில் லயம் சேர்த்தி இல்லையா?

இப்போது புதிதாகக் கேட்டிருப்பது கட்டடத்தின் வரைபடம். வெள்ளைக்காரன் காலத்து லயம் ஐயா இது! வேண்டுமென்றால் லண்டனுக்கு எழுதிக் கேளுங்கள்.