ஓடை உறைவதில்லை

இந்த ஆண்டும் தொடங்கிவிட்டது. ஊட்டியை அடுத்த தலைகுந்தா புல்வெளி முதன்முறையாக வெளுத்த அன்றே "மினி காஷ்மீராக மாறிய ஊட்டி" என்று படங்கள் வரத் தொடங்கின. எடுத்தவர்கள் வேறு வேறு; படம் மட்டும் ஒன்றுதான். சாலையோரத்தில் நின்ற வாக்கில் எடுத்த வெள்ளை வெளி, நடுவில் கைகளை விரித்து நிற்கும் ஒருவர், கீழே "வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல்" என்ற வரி. பதினோரு ஆண்டுகளாக மார்கழியிலும் தையிலும் விடியுமுன் கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பள்ளங்களில் இறங்குகிறவன் நான். எனக்கு இதில் மெய்யான வருத்தம் இருக்கிறது. நம் பனியை இன்னோர் ஊரின் பனியாகக் காட்டப் பார்க்கிறோம். அதனால்தான் நம் படங்களில் உயிரில்லை.

காஷ்மீரில் பனி வானத்திலிருந்து பொழிகிறது. மேடு பள்ளம் பார்க்காமல் அடி அடியாக மூடுகிறது. நீலகிரியில் பனி 'விழுந்தது' என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உறைபனி மேலிருந்து விழுவதில்லை, தரையிலேயே விளைகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியில் ஒன்றுமில்லாத காலையில் கீழே தாழ்ந்த புல்வெளி வெளுத்துக் கிடப்பது இதனால்தான். வெப்பமானி 2 டிகிரி, 3 டிகிரி என்று காட்டும். அது தரையிலிருந்து நாலடி உயரத்துக் கணக்கு. புல்நுனியில் அதே நேரத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். காற்றிலிருக்கும் ஈரம் அந்த நுனியில் பொடிப்பொடிப் படிகமாக ஒட்டிக்கொள்கிறது.

இது எதையும் மூடாத பனி. ஒவ்வொரு புல்லுக்கும், ஒவ்வொரு இலை விளிம்புக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு போடுகிற பனி. கோட்டைத் தூரத்திலிருந்து எடுத்தால் என்ன தெரியும்? சாம்பல் பூத்த வெளி தெரியும். பிறகு வீட்டில் உட்கார்ந்து வெண்மையைக் கூட்டிக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்த தரையாக்குகிறோம்.

நான் ஓடைக்குப் போகச் சொல்கிறேன். குளிர்காற்று எந்தப் பள்ளத்தில் தேங்குகிறதோ அதே பள்ளத்தின் அடியில்தான் ஓடையும் இருக்கும். நம் ஊர்க் குளிருக்கு ஓடுகிற நீர் உறையாது. கரையோரத்தில் தேங்கி நிற்கும் நீரில் மட்டும், விரல் பட்டால் நொறுங்குகிற ஏடு ஒன்று படியும். ஓடும் நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் அதிலிருந்து ஆவி எழுகிறது. அந்த ஈரம் கரைப் புல்லில் படிந்து உறைகிறது. அதனால் புல்வெளியின் வேறெந்தப் பகுதியையும்விட, நீரை ஒட்டிய ஓரிரண்டு அடியில்தான் படிகங்கள் நீண்டு தடித்திருக்கும். கறுத்த நீர், அதன் இரு கரையிலும் வெண்மையான விளிம்பு, மேலே மெல்லிய ஆவி. உறைந்ததும் உறையாததும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் நீலகிரிக் குளிர்காலத்தின் படம் அதுதான்.

எந்த உயரத்திலிருந்து எடுப்பது என்பதில்தான் பாதிப் படம் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் ஓடை வாய்க்கால் கோடாகச் சுருங்கிவிடுகிறது. தரையோடு தரையாகக் கேமராவை வைத்தால் முன்னால் உள்ள புல் நீரை மறைத்துவிடுகிறது. முழங்கால் உயரம் சரியாக வரும். டிரைபாடின் கால்களை அகல விரித்து வையுங்கள். ஓடையை நடுவே ஓடவிடாதீர்கள். கீழ் மூலை ஒன்றிலிருந்து உள்ளே நுழைந்து, ஒரு முறை வளைந்து, ஏதோ ஒரு திட்டுக்குப் பின்னால் மறையட்டும். மறைகிற அந்த இடத்தில் கண் காத்து நிற்கும். முன்னால் ஒரே ஒரு புல்தூறு போதும். ஐந்து தூறுகளும் மூன்று கற்களும் ஒரு பூவும் சேர்ந்தால் கண் எங்கே போவது?

வானத்தை வெட்டிவிடுங்கள். இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. மேகமில்லாத இரவில்தான் உறைபனி விளைகிறது என்றால், மறுநாள் காலை வானத்தில் என்ன இருக்கும்? ஒன்றுமே இருக்காது. அந்த வெறும் வானத்துக்குப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்பது வீண். அங்கே சோலைக்காட்டின் விளிம்பை வையுங்கள். மேலே சோலையின் இருள், கீழே நீரின் இருள், இடையில் வெள்ளை. நம் மலையின் அடையாளமே புல்வெளியும் சோலையும் மாறி மாறி வருவதுதான். பிறகு யாரும் அதைக் காஷ்மீர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஜனவரியில் ஏழு மணிக்குச் சற்று முன்பு சூரியன் உதித்தாலும் பள்ளத்துக்கு வெயில் வர நேரமாகும். எதிர்ச் சரிவில் வெயிலின் கோடு மெல்ல மெல்ல இறங்கிவரும். அது ஓடையைத் தொடும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் நான்கரை மணிக்கே எழுந்திருக்கிறேன். வெயில் பட்ட பக்கம் பொன்னிறம். நிழலில் உள்ள பனி நீலம். அதற்கு வெளிச்சம் தருவது நீல வானம் மட்டுமே என்பதால். கேமராவின் தானியங்கி வொயிட் பேலன்ஸ், அதாவது நிறச் சமன் அமைப்பு, இந்த நீலத்தைப் பிழையென்று எண்ணித் துடைத்துவிடும். பகல் ஒளி அமைப்பில் வைத்துவிடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி எடுக்கவும் வேண்டாம். பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ ஒளி வந்தால்தான் படிகம் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுடர்விடும். வெயில் பட்ட அரைமணி நேரத்தில் எல்லாம் நீர்த்துளியாகிவிடும்.

ஒளியளவைப் பற்றிச் சுருக்கமாக. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெண்மை நிறைந்த காட்சியில் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக்கும் அளவு, கூட்ட வேண்டும். கறுத்த நீர் சட்டத்தில் அதிகமாக இருந்தால் கேமரா நேர்மாறாக ஏமாறும், அப்போது கூட்டினால் பனி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். திரையில் ஹிஸ்டோகிராமை, அதாவது இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, பார்த்து முடிவு செய்யுங்கள். கைபேசியிலும் இதைச் செய்யலாம்: பனியின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றே உயர்த்தினால் போதும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

ஷட்டர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இருபது விநாடி திறந்து வைத்து ஓடையைப் பாலாக ஊற்றுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கரையில் ஏற்கெனவே வெள்ளை; நீரும் வெளுத்துவிட்டால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருந்த அந்த விளிம்பே அழிந்துபோகிறது. கால் விநாடி, அதிகம் போனால் அரை விநாடி. நீர் கல்லைச் சுற்றி இழை இழையாகப் பிரிவது தெரிய வேண்டும். நீரின் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரையும் பாதியளவே திருப்புங்கள். முழுக்கத் திருப்பினால் கூழாங்கற்கள் துலங்கும், ஆனால் நீரில் மிதக்கும் சோலையின் நிழலுருவம் போய்விடும்.

கால்தடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. போன வாரம் ஒரு புல்வெளியில் காரையே இறக்கி வட்டமடித்திருந்தார்கள். ஓடைக்கரைகள் பெரும்பாலும் சதுப்பு நிலம். சக்கரம் பதிந்த பள்ளம் பனியோடு கரைவதில்லை. எங்கே நிற்பது என்று முதலில் தூரத்திலிருந்தே முடிவு செய்துகொண்டு, ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புங்கள். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

இந்தப் பனிக்கு விலை கொடுப்பவர்களும் உண்டு. ஓர் இரவில் தேயிலைக் கொழுந்து கருகிவிடுகிறது, உருளைக்கிழங்குச் செடி துவண்டுவிடுகிறது. ஓடையோரம் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவிடம், "இன்று நல்ல பனி அக்கா" என்று ஒரு முறை சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல பனியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வயல்காரர் யாரிடமும் சொன்னதில்லை.

வெயில் படுவதற்கு முன்பே அவர் எழுந்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுவார். பனி கழுவப்பட்ட தோட்டம் மட்டும் பச்சையாக இருக்கும். எதிர்க்கரைப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். நடுவில் கறுப்பாக ஓடை. மூன்று பருவங்களாக அதைச் சரியான ஒளியில் எடுக்க முயல்கிறேன். ஒரு முறை ஆவி மறைத்துவிட்டது, ஒரு முறை மேகம் வந்து பனியே விளையவில்லை. ஒவ்வொரு முறையும் தோட்டத்து வேலியையும் குழாயையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நாளை இரவு வானம் தெளிந்திருந்தால் மறுபடியும் போகிறேன். இந்த முறை அந்தக் குழாயும், அதைத் திருப்பிக்கொண்டிருக்கும் அக்காவும், அவர் சம்மதித்தால், உள்ளே இருப்பார்கள்.